நாலு நிமிஷ மனோவைத்தியம்

கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குப் போகிற மின்சார ரயிலில் நீங்கள் பிரயாணம் செய்திருப்பீர்கள். தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனின் பெயரை என்றைக்காவது நிதானமாகப் படித்துப் பார்த்ததுண்டா? ஊரின் பெயரையும் சுவாமியின் பெயரையும் தாங்கிய ஸ்டேஷன்கள் எத்தனையோ இருக்கின்றன. ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஓர் ஆஸ்பத்திரியின் பெயரையே தாங்கிக்கொண்டு நிற்கிறது இந்த ஸ்டேஷன். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் க்ஷயரோகிகளுக்காக ஏற்படுத்திய ஆஸ்பத்திரி அது. அந்த நாளில் க்ஷயம் என்றால் வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, மரக்காற்றில் மாதக் கணக்கில் படுத்துக் கிடக்கவேண்டும். நோயின் பெயரைச் சொல்லவே ஜனங்கள் கூசினார்கள்.

இந்தப் பழங்கதை ஏன் என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது, பிறகு சொல்லுகிறேன். அதற்குள் வண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் எல்லாம் தாண்டி வந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில்! இறங்குங்கள்.

நான் போனது கோவிலுக்குத்தான். பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதி, பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்தது. தீபாராதனையின்போது அர்ச்சகர் பெருமாளின் நெற்றித் திருமண்ணைச் சற்றே தூக்கி மூன்றாவது கண்ணைக் காட்டுகிறார். இன்னொரு விசேஷம்: மலையே கர்ப்பக்கிருஹமாக இருப்பதால், மூலவரைப் பிரதட்சிணம் செய்யவேண்டுமானால் மலையையே சுற்றி வரவேண்டும். எனக்கோ முழங்கால் வலி. இருந்தாலும் சுற்றினேன். சுற்றிவிட்டு, சிநேகிதர் ஒருவரின் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன். ஊருக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவன் வாரம் ஒரு நாள் வருகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பிள்ளையாண்டான் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநோய் வைத்தியத்தில் எம்.டி. படிக்கிறான். என்னைக் கண்டதும் கண்ணீர் விடாத குறைதான்.

“மாமா, மனநோய் படிக்கத்தானே சேர்ந்தேன்? பி.பி. மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை? மூணு மாசம் தண்டம்!” என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2020 செப்டம்பரில் மத்திய அரசாங்கத்தார் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மேற்படிப்புப் படிக்கிற டாக்டர்கள் எல்லாரும், எந்தத் துறையானாலும், படிப்பின் நடுவே மூன்று மாதம் ஜில்லா ஆஸ்பத்திரிப் பக்கம் வேலை பார்த்தாக வேண்டும். அந்த மூன்று மாதத்தில்தான் இவன் மாட்டிக்கொண்டிருந்தான். ஜில்லா மனநலத் திட்டக்காரர்கள் கிராமத்து நிலையங்களுக்குப் போகும்போது இவனையும் கூட அழைத்துப் போனார்கள்.

நம் ஊரில் மனநோய் வைத்தியம் ஆரம்பம் முதலே மதிற்சுவருக்கு உள்ளே நடந்த வைத்தியம். சென்னையில் 1794-லேயே சித்தம் கலங்கினவர்களுக்கு ஒரு விடுதி ஏற்பட்டுவிட்டது. 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு ‘கீழ்ப்பாக்கம்’ என்பது ஒரு பேட்டையின் பெயராக மட்டுமா இருக்கிறது? ‘உன்னைக் கீழ்ப்பாக்கத்தில்தான் சேர்க்கணும்’ என்று சொல்லிச் சிரிக்காத வீடு உண்டா? நம்முடைய சினிமாக்காரர்களும் இந்தப் புண்ணியத்தில் தாராளமாகப் பங்கு கொண்டார்கள். அந்தச் சுவருக்குள்ளே நல்லவர்கள் உழைக்காமல் இல்லை. நாட்டின் முதல் பெண் மனநோய் மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அங்கே தலைமை வகித்தார். குணமானவர்கள் திரும்பவும் உழைத்துப் பிழைக்க வழி வேண்டுமே என்று கவலைப்பட்ட அவர், 1984-ல் ஸ்கார்ஃப் என்ற ஸ்தாபனத்தையும் தொடங்கினார். ஆனாலும் கேலி நின்றபாடில்லை. கேலிக்குப் பயந்த ஜனங்கள் அந்த வாசலை மிதிப்பதில்லை. அவர்கள் எங்கேதான் போகிறார்கள்?

பி.பி. மாத்திரை கொடுக்கிற இடத்துக்குத்தான் போகிறார்கள்! நம் பிள்ளையாண்டானுக்கு இது தெரிய இரண்டு வாரம் பிடித்தது.

இனி வருவது அவன் சொல்லக் கேட்டது. சம்பந்தப்பட்டவர்கள் இன்னார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த நிலையத்தின் மெடிகல் ஆபீஸர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு மணிக்குள் அறுபது பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு நாலே நாலு நிமிஷம். நம்மவனோ காலேஜில் ஒரு நோயாளியை முதல் தடவை பார்த்தால் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, அவர் பிறந்தது முதல் நேற்று ராத்திரி வரை எட்டுப் பக்கம் எழுதிப் பழகினவன். நாலு நிமிஷத்தில் மனசை எப்படிப் பார்ப்பது? அவனுக்குச் சிரிப்பாக இருந்ததாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பத்தெட்டு வயசு அம்மாள் ஒருத்தி வந்தாள். நெஞ்சில் பாரம், வயிற்றில் காற்று, உடம்பு பூராவும் எரிச்சல், கை கால் குடைச்சல். ஒரு வருஷத்தில் அது பதினோராவது தடவை என்று அவளுடைய நோட்டுப் புத்தகம் சொல்லிற்று. இ.ஸி.ஜி. இரண்டு முறை எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. ரத்தம் சரியாக இருந்தது, தைராய்டும் சரி. ஒவ்வொரு தடவையும் காஸ் மாத்திரை, சத்து மாத்திரை, ஓர் ஊசி.

நம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தான். புத்தகத்தில் படித்த கேஸ் அல்லவா?

“மனசு சரியில்லாம இருக்காம்மா?” என்று கேட்டான்.

அவ்வளவுதான். “எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல சார். நான் இன்னா பைத்தியமா?” என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டாள்.

மெடிகல் ஆபீஸர் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் எடுத்தார். “உக்காரும்மா, பி.பி. பாக்கவேணாமா?” என்று சொல்லிக்கொண்டே, “ராத்திரி எத்தினி மணிக்கு முழிப்பு வருது?” என்றார்.

“மூணு மணிக்கும்மா. டாண்ணு வந்துடுது.”

“முழிச்சு இன்னா பண்ணுவே?”

“உக்காந்துகினு இருப்பேன். சத்தம் கேக்குதான்னு பாத்துகினு இருப்பேன்.”

“இன்னா சத்தம்?”

அந்த அம்மாள் பேசவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மெடிகல் ஆபீஸரும் மேலே கேட்கவில்லை. “அடுத்த செவ்வாக்கெழமை வா. இந்தத் தம்பியும் இருப்பாரு,” என்று அனுப்பிவிட்டார்.

பிள்ளையாண்டானுக்குப் பொறுக்கவில்லை. “மேடம், இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே?” என்றான்.

“எங்க ஊர்ப் பெருமாளைச் சுத்தணும்னா மலையையே சுத்தணும் தம்பி. இன்னிக்குக் கால்வாசி சுத்தியாச்சு,” என்றார் அவர். அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்கள்.

மிச்ச முக்கால்வாசியைச் சுற்றிக் கொடுத்தது டாக்டர் அல்ல, கிராம சுகாதார நர்ஸ். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவர் சொன்னாராம்: “டாக்டர், அந்த வீட்டுப் பொண்ணோட கொழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். உள்ரூம் கதவுக்கு வெளியில சாப்பாட்டுத் தட்டு வெச்சிருந்தாங்க. நாய்க்குன்னாங்க. அவங்க வீட்ல நாயே கெடையாது. பெரிய பையன் டிப்ளமா படிச்சுட்டு வெளியூர்ல வேலையில இருக்கான்னு ரெண்டு வருஷமாச் சொல்லிகினு இருக்காங்க.”

விஷயம் விளங்கிவிட்டது அல்லவா? பையன் இரண்டு வருஷமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. ராத்திரியில் தனக்குத் தானே பேசிக்கொள்கிறான். அது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்றுதான் தாயார் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தங்கையைக் கட்டிக் கொடுத்த இடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆவது? நெஞ்சில் பாரம் இராமல் என்ன செய்யும்?

நூற்றுக்கணக்கான மனநோயாளிகளைப் பார்த்தவன் நம் பிள்ளையாண்டான். ஆனால் அவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், அல்லது கட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள். சாத்தின கதவுக்கு வெளியே நின்று வைத்தியம் பார்ப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நர்ஸின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அந்த வீட்டுக்குப் போனான். முதல் நாள் கதவைப் பார்த்துப் பத்து நிமிஷம் பேசினான். பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. போலீஸைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கலாமா என்று வீட்டார் கேட்டபோது, கூடாது என்று சொல்லிவிட்டான். அவன் யாரையும் அடிக்கவில்லை, தன்னையும் வருத்திக்கொள்ளவில்லை, வைக்கிற சோற்றைத் தின்கிறான். அப்படிப்பட்டவனை இழுத்துப் போவதை 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமும் விரும்புவதில்லை. மூன்றாம் தடவை கதவு திறந்தது. டாக்டருக்காக அல்ல. சின்ன வயசில் தனக்கு ஊசி போட்ட அக்காவின் குரல் கேட்டுத் திறந்தான்.

மாத்திரை அந்த நிலையத்திலேயே இருந்தது. குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். ஐந்தாறு வாரத்தில் பையன் கூடத்துக்கு வந்து சாப்பிட்டான். குளித்தான். அதற்குமேல் ஒன்றும் பிரமாதமாக நடந்துவிடவில்லை. வேலைக்குப் போகவில்லை, அதிகம் பேசுவதும் இல்லை. தாயாருக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முழிப்பு மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குத் தள்ளிப் போயிற்று. செவ்வாய்க்கிழமை வந்தால் இன்னமும் ஓர் ஊசி போடச் சொல்லிக் கேட்கிறாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இது அபூர்வமான கேஸ் என்று நினைத்தால் தப்பு. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ்காரர்கள் பன்னிரண்டு ராஜ்யங்களில் கணக்கெடுத்தார்கள். நம் தமிழ்நாடும் அதில் ஒன்று. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலாகவே ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் ஐந்துக்கு நாலு பேர் வைத்தியமே பார்த்துக்கொள்ளவில்லை. மனநோய் டாக்டர்களோ இந்த தேசத்தில் லட்சம் ஜனங்களுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். ஒருவரே ஆயிரம் கை முளைத்து வைத்தியம் பார்த்தாலும் போதாது. ஆகவே மனநோய் டாக்டர் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை, மற்ற டாக்டர்களையும் நர்ஸ்களையும் தயார்செய்து அவர்களுக்குப் பக்கபலமாக நிற்பது.

இதில் நம் தேசத்தார் பின்தங்கியவர்கள் அல்ல. 1975-ல் ஹரியானாவில் ராய்ப்பூர் ராணி என்ற ஊரிலும், அடுத்த வருஷம் பெங்களூருக்கு அருகே சகலவாராவிலும், கிராமத்து டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனநோய் வைத்தியம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். 1985-ல் பெல்லாரி ஜில்லா முழுவதிலும் செய்தார்கள். 1996-97-ல் இது மத்திய அரசாங்கத்தின் திட்டமாகிச் சில ஜில்லாக்களில் தொடங்கியபோது, நம் திருச்சியும் அதில் இருந்தது. இப்போது தமிழ்நாட்டில் எல்லா ஜில்லாக்களிலும் இருக்கிறது. 2020-ல் வெளியான இன்னொரு சோதனையும் உண்டு. சென்னை உள்பட நாலு நகரங்களின் நீரிழிவு ஆஸ்பத்திரிகளில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்தே இருந்த 404 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேரை ஓர் ஊழியர் விடாமல் விசாரித்து வந்தார். அவருக்கும் டாக்டருக்கும் பின்னால் இருந்து ஒரு மனநோய் நிபுணர் யோசனை சொன்னார். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், மனச்சோர்வும் பாதியாகக் குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கினவர்கள் வழக்கமான வைத்தியத்தில் நூற்றுக்கு 57 பேர். மற்ற வகையில் ஏறக்குறைய 72 பேர். அந்த நிபுணர் பெரும்பாலான நோயாளிகளின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்!

இப்போது சானடோரியத்துக்கு வருவோம். 1956-ல் இதே சென்னையில் ஒரு சோதனை தொடங்கினார்கள். க்ஷயரோகிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பி, நல்ல காற்றும் சத்துள்ள சாப்பாடும் இல்லாத நெருக்கடியான வீடுகளிலேயே அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். முடிவு 1959-ல் வெளியாயிற்று. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குணமாயிற்று. வீட்டில் இருந்தவர்களால் மற்றவர்களுக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. உலகத்தில் சானடோரியங்களுக்கு வேலை குறைந்ததற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம். மூலை முடுக்கில் இருக்கிற சுகாதார நிலையத்திலும் க்ஷயத்துக்கு மாத்திரை கிடைக்கிறது என்றால், டாக்டர்கள் சுவரைத் தாண்டி வந்ததால்தான். மனசுக்கும் அந்தப் பாதை இப்போதுதான் போடப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஜல்லி கொட்டியாகிவிட்டது, தார் ஊற்றவில்லை.

என் பிள்ளையாண்டான் ஆரம்பத்தில் என்ன செய்தான் தெரியுமா? மனசு சம்பந்தமாக யார் வந்தாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எட்டுப் பக்கம் எழுதினான். மெடிகல் ஆபீஸர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. நீங்க போனப்புறம் இதை யார் படிப்பாங்க?” என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியில் பையனுக்குப் பாதிப் படிப்பு வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அன்றிலிருந்து இரண்டு வரிக்குமேல் எழுதுவதில்லை: என்ன கேட்கவேண்டும், எந்த மாத்திரை, எப்போது போன் செய்யவேண்டும். தூக்கம் வரவில்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் வழக்கமாகக் கொடுத்துவந்த தூக்க மாத்திரையை ஏன் நாள்கணக்கில் கொடுக்கக்கூடாது, மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய ஏன் இரண்டு மூன்று வாரம் காத்திருக்கவேண்டும் என்பதை அவன் அந்த அம்மாளுக்குச் சொன்னான். ‘சாகலாம்போல் தோன்றுகிறதா?’ என்று வாய்விட்டுக் கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகாது, கேட்பதே நல்லது என்றும் சொன்னான்.

பதிலுக்கு அந்த அம்மாள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் அதிகம். பையனுக்கு மாத்திரை ஆரம்பித்த அன்றைக்கு, “எடை எவ்வளவு? சர்க்கரை பார்த்தாச்சா?” என்று கேட்டாராம். நம் நிபுணர் விழித்தார். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருஷம் முந்தியே இறந்துபோகிறார்கள் என்பது பரீட்சைக்குப் படித்த விஷயம். இருதய நோயும் சர்க்கரையும் அதற்குப் பெரிய காரணங்கள் என்பதும் தெரியும். சில மாத்திரைகளே எடையைக் கூட்டும் என்பதும் தெரியும். ஆனால் கையில் பட்டையும் தராசும் எடுத்து எத்தனை நாளாயிற்று! மனசைப் படிக்கப் போன பிள்ளைகள் உடம்பை மறந்துவிடுகிறார்கள். ஸ்டெதாஸ்கோப் அவனுடைய ஹாஸ்டல் அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று மாதம் என்பது மிகவும் கொஞ்சம். கதவு திறக்கவே ஒரு மாதம் ஆயிற்றே! ஒருவன் போய் அடுத்தவன் வருவதற்குள் இடைவெளி விழுந்தால், நோயாளிக்கு மறுபடியும் புது முகம், பழைய கேள்விகள். அந்த மாதங்களைச் சும்மா கையெழுத்துப் போட்டுக் கழிக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள். அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. மெடிகல் ஆபீஸருக்கு அந்த நாலு நிமிஷத்தை ஆறு நிமிஷமாக்கிக் கொடுக்க யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. புது வேலையை மட்டும் தலையில் ஏற்றுகிறார்கள். சுகாதார நர்ஸின் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் யார் போட்டார்கள் என்றும் விசாரித்தேன். அவரே போட்டுக்கொண்டாராம்.

வாசகர்களுக்கு, முக்கியமாக வீட்டில் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறவர்களுக்கு, ஒரு வார்த்தை. அடுத்த தடவை நெஞ்சுப் பாரத்துக்கோ தலைப் பாரத்துக்கோ டாக்டரிடம் போகும்போது, தூக்கம் எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பு பிடித்த காரியம் எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பைத்தியம் என்று யாரும் எழுதிவிடமாட்டார்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள், காசு கிடையாது.

பிள்ளையாண்டானின் கடைசிச் செவ்வாய்க்கிழமை அன்று நானும் போயிருந்தேன். பத்தரை மணி இருக்கும். ஓர் ஆட்டோ வந்து வேப்ப மரத்தடியில் நின்றது. அந்தத் தாயார் இறங்கினாள். பின்னால் பையன் இருந்தான், இறங்கவில்லை. கட்டடத்தையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொண்டான். தாயார் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

என் சிநேகிதர் பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எழுந்து ஓடினான். வாசலில் மெடிகல் ஆபீஸர் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டார். பி.பி. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரே மெதுவாக நடந்து போய் ஆட்டோவின் விளிம்பில் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து, உள்ளே இருந்து ஒரு கை நீண்டது. அவர் அதில் பட்டையைச் சுற்றினார்.

பிள்ளையாண்டான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரிசையில் முப்பது பேருக்குக் குறையாமல் காத்திருந்தார்கள். “டாக்டர் இல்லையாப்பா?” என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். அவன் திரும்பி வந்து மெடிகல் ஆபீஸரின் நாற்காலியில் உட்கார்ந்தான். பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

“என்ன தாத்தா?”

“இருமல்,” என்றார் பெரியவர்.